மடக்கும்போதுதான் தெரியும்

மடக்குக்கத்தி ஒன்றைக் கையில் வாங்கியதும் எவரும் முதலில் அதைத் திறந்துதான் பார்ப்பார்கள். அலகு ‘டக்’கென்று வெளியே வந்து நின்றுவிட்டால் நல்ல கத்தி என்று மனம் முடிவு கட்டிவிடும். ஸ்பிரிங் உதவியோடு திறக்கும் கத்திகள் இத்தனை விற்பதற்கு அந்த முதல் நொடி ஒரு பெரிய காரணம். ஆனால் கத்தியைத் திறப்பவர் அதை மடக்கவும் வேண்டும், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடக்கவும் வேண்டும், என்றைக்காவது கழற்றித் துடைக்கவும் வேண்டும். இவற்றையெல்லாம் சேர்த்து எடைபோட்டால் தராசு கையால் திறக்கும் கத்தியின் பக்கமே சாய்கிறது.

உதவித் திறப்பு வேறு, பட்டன் கத்தி வேறு. பட்டன் கத்தியில் கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் போதும், அலகை யாரும் தொட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மாநிலங்களுக்கிடையே விற்பதைத் தடுத்தது. உதவித் திறப்பில் விரல் அலகையே சிறிது தள்ள வேண்டும். மீதியை ஸ்பிரிங் முடித்துவைக்கும். கென் ஆனியன் வடிவமைக்க, கெர்ஷா நிறுவனம் 1990களின் பிற்பகுதியில் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஸ்பீட்சேஃப்’ இவ்வகையில் மிகப் பிரபலமானது. அதே நிறுவனத்தின் ‘லீக்’ கத்தியைப் பிரித்துப் பார்த்தால், கைப்பிடியின் உட்புறத்தில் வளைந்து கிடக்கும் மெல்லிய முறுக்குக்கம்பி ஒன்று தெரியும். அதன் ஒரு முனை கைப்பிடியில் பொருந்தியிருக்கும். மறுமுனை அலகின் அடியில் வெட்டிய தடத்துக்குள் இருக்கும். கத்தி மூடியிருக்கையில் இந்தக் கம்பி அலகை உள்நோக்கி அழுத்துகிறது. விரல் அதை எதிர்த்துச் சற்றுத் தள்ளியதும் விசையின் திசை மாறுகிறது. அதன்பின் அதே கம்பி அலகை வெளியே வீசுகிறது.

காவலும் உந்துதலும் ஒரே கம்பியின் வேலை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2009இல் அமெரிக்கச் சுங்கத்துறை இத்தகைய கத்திகளையும் பட்டன் கத்திகளோடு சேர்க்க முயன்றது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டத்தில் சேர்க்கப்பட்ட விலக்கு இந்த உள்நோக்கிய அழுத்தத்தைத்தான் ஆதாரமாகப் பிடித்துக்கொண்டது: அலகை மூடிய நிலையில் பிடித்துவைக்கும் அமைப்பு இருந்து, அதைக் கையின் விசையால் வென்றுதான் திறக்க முடியும் என்றால் அது பட்டன் கத்தி ஆகாது. பிரிட்டன் நேர்மாறாகப் போனது. 2019ஆம் ஆண்டுச் சட்டம், பாதி திறந்த நிலையிலிருந்து ஸ்பிரிங் வலுவில் முழுதாகத் திறக்கும் கத்தியையும் தடைக்குள் கொண்டுவந்தது. 2021 ஜூலை முதல் அதை அங்கே வீட்டில் வைத்திருப்பதும் குற்றம்.

ஒற்றைக் கையால் திறப்பதற்கு ஸ்பிரிங் தேவையே இல்லை. 1964இல் வந்த பக் 110 போன்ற கத்திகளில் நகத்தை மாட்டி இழுக்கும் பள்ளம்தான் இருந்தது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். 1981இல் ஸ்பைடெர்கோ நிறுவனம் தன் ‘வொர்க்கர்’ கத்தியின் அலகில் வட்டத் துளை ஒன்றைப் போட்டது. கட்டைவிரலைத் துளையில் வைத்துத் தள்ளினால் அலகு அரைவட்டப் பாதை முழுவதையும் கடந்து நிற்கும். வேகம் மட்டும்தான் பாக்கி இருந்தது. அச்சு இறுக்கமாக, வாஷர் உரசலாக இருந்த கத்திகளில் அந்தப் பாக்கியை ஸ்பிரிங் அடைத்தது. அன்றைக்கு அது நியாயமான தீர்வு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பிறகு அச்சே மாறிவிட்டது. இன்று நடுத்தர விலைக் கத்திகளிலும் அச்சைச் சுற்றிக் குண்டு பேரிங் வருகிறது. திறந்த அலகை மடங்காமல் தாங்கும் பூட்டுத் தகட்டில் பதித்த சிறு எஃகுக் குண்டு, கத்தி மூடியிருக்கையில் அலகின் அடியிலுள்ள குழியில் இறங்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. கைப்பிடிக்கு வெளியே நீட்டி நிற்கும் ஃபிளிப்பர் நாக்கை ஆள்காட்டி விரலால் அழுத்தும்போது குண்டு முதலில் விட்டுக்கொடுக்காது. விரலில் விசை சேர்ந்துகொண்டே போகும். குண்டு குழியை விட்டு நழுவியதும் அவ்வளவு விசையும் அலகுக்குப் போய்ச் சேரும். செம்மையாகச் செய்த இத்தகைய கத்திக்கும் ஸ்பிரிங் கத்திக்கும் திறக்கும் வேகத்தில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கிடையாது. மெதுவாகத் திறக்கவும் இதில் வழி உண்டு. கட்டைவிரல் குமிழோ துளையோ இருந்தால், கூட்டமான இடத்தில் பார்சலைப் பிரிக்க ஓசையில்லாமல் அலகை வெளியே கொண்டுவரலாம். ஸ்பிரிங் கத்தியில் விசை மாறும் இடம் தாண்டியதும் விரல் சொல்வதை அலகு கேட்காது.

இனி மடக்குவது. திறக்க உதவிய ஸ்பிரிங் மடக்கும்போது எதிராளி ஆகிவிடுகிறது. லீக் போன்ற கத்தியில் பூட்டுத் தகட்டைக் கட்டைவிரல் ஒதுக்கிப் பிடித்திருக்க, கம்பியின் எதிர்ப்பை மீறி அலகை உள்ளே தள்ள வேண்டும். விசை மாறும் இடம் தாண்டியதும் எதிர்ப்பு சட்டென்று மறைந்து, அதே கம்பி அலகை உள்ளே இழுக்கிறது. தள்ளிக்கொண்டிருந்த கை எதிர்பாராத கணத்தில் கூர்முனை கைப்பிடிக்குள் பாய்கிறது. பூட்டை ஒதுக்கிய கட்டைவிரல் இன்னும் அலகின் பாதையில் இருக்கக்கூடிய நேரம் அது. கையால் திறக்கும் கத்தியில் எதிர்த்து நிற்கும் ஸ்பிரிங் இல்லாததால் மடக்கும் வேகம் நம் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு குறையே வழக்கைத் தீர்க்கப் போதுமானது.

பையில் இருக்கையில் திறந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. லீக்கின் முனைப்பக்கம் நகர்த்தும் தாழ்ப்பாள் ஒன்று வைத்திருக்கிறார்கள். மூடிய அலகின் நுனியை அது மறித்துக்கொள்ளும். பொறுப்பான ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தாழைப் போட்டுக்கொண்டு நடப்பவர் திறப்பதற்கு முன் அதை நகர்த்த வேண்டும். எந்த வேகத்துக்காக ஸ்பிரிங் கத்தி வாங்கினாரோ அது அங்கேயே போய்விடுகிறது. தாழைப் போடாதவர், சாவிக்கொத்து ஃபிளிப்பரை நெருடினால் மீதி வேலையை ஸ்பிரிங் முடித்துவிடக்கூடிய ஒரு கத்தியோடு நடக்கிறார். முறுக்குக்கம்பி ஒடிவதும் உண்டு. ஒடிந்தால் கத்தி மெதுவாகத் திறக்கும் என்பதோடு முடிவதில்லை. காவலும் அதே கம்பியுடையது என்பதால், வேறு பிடிப்பு இல்லாத கத்தியில் அலகு தளர்ந்து ஆடும்.

ஸ்பிரிங்குக்கு உரிய இடத்தை மறுக்கவில்லை. தடித்த கையுறையோடு வேலை செய்பவருக்கும், ஒரு கையில் இழுபடும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அறுக்க வேண்டியவருக்கும் அது உண்மையான உதவி. மூட்டுவலிக்காரர்களுக்கும் இதைச் சிபாரிசு செய்கிறார்கள். அங்கே எனக்கு உடன்பாடில்லை. திறக்கும்போது மிச்சமாகும் வலுவை மடக்கும்போது அதே விரல்கள் செலவழிக்க வேண்டும்.

அன்றாடப் புழக்கத்துக்கு என்றால் கையால் திறக்கும் கத்தியே. அதிலும் பூட்டை ஒதுக்கும் விரல் அலகின் பாதைக்குள் வராத அமைப்பைத் தேடி வாங்க வேண்டும். மெக்ஹென்றி, வில்லியம்ஸ் என்ற இரு வடிவமைப்பாளர்கள் உருவாக்கி, பெஞ்ச்மேட் நிறுவனம் 1998இல் தன் 710 கத்தியில் கொண்டுவந்த ஆக்சிஸ் பூட்டு அதற்கு நல்ல உதாரணம். கைப்பிடியின் இருபுறமும் தலைகாட்டும் குறுக்குத் தண்டைப் பின்னுக்கு இழுத்தால் அலகு விடுபடும். இடக்கைக்காரருக்கும் வலக்கைக்காரருக்கும் ஒரே வசதி. கடைக்குப் போனால் அப்படி ஒன்றைக் கையில் வாங்கி, ஒற்றைக் கையால் மெதுவாக மடக்கிப் பாருங்கள். பக்கத்திலிருக்கும் ஸ்பிரிங் கத்தியையும் அதேபோல் மடக்கிப் பார்த்துவிட்டு விலை கேளுங்கள்.