ஏறும் பொட்டலமும் இறங்கும் வெறும் வண்டியும்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு வரைபடத்தில் கோல் வைத்து அளந்தால் ஏறத்தாழ 24 கிலோமீட்டர். சாலை வழியே 64 கிலோமீட்டர். இவ்விரு எண்களுக்கும் இடையில்தான் பல பொட்டலங்கள் சிக்கிக்கொள்கின்றன. சென்ற ஆண்டு பூம்பாறையில் ஆசிரியராக இருக்கும் என் நண்பர், மாணவர்களுக்கு நிறமாலை காட்டுவதற்காக ஒரு கண்ணாடி முப்பட்டகம் வரவழைத்தார். சென்னையிலிருந்து பழனி வரை இரண்டே நாளில் ஓடிவந்த அது, அடிவாரத்தில் ஒன்பது நாள் படுத்துவிட்டது. பிறகு, 'சேவை எல்லைக்கு அப்பாற்பட்ட இடம், கூடுதல் கட்டணம் உண்டு' என்று கைப்பேசியில் செய்தி வந்தது. நான் நேரில் போய்க் காரணம் கேட்டேன். "மலை ஏத்தணுமில்ல சார்!" என்றார் அங்கிருந்த இளைஞர்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை அவர் சொன்னார். ஆனால் இயற்பியல் கற்பிக்கும் ஒருவன் இந்த விடையைக் கேட்டுவிட்டுச் சும்மா வரமுடியுமா? மலை ஏற்றுவதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும்?

பழனி நகர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். வேறுபாட்டை 1,800 மீட்டர் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு கிலோகிராம் பொருளை அவ்வளவு உயரம் தூக்கத் தேவையான ஆற்றல், நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும்: 1 × 9.8 × 1,800 = 17,640 ஜூல். பெரிய எண்ணாகத் தோன்றுகிறதல்லவா? கலோரிக் கணக்கில் இது வெறும் 4.2 கிலோகலோரி, கால் தேக்கரண்டி சர்க்கரையில் இருக்கும் ஆற்றலுக்குமேல் இல்லை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 3 கோடியே 60 லட்சம் ஜூல் உண்டு. எஞ்சின் அதில் மூன்றிலொரு பங்கைத்தான் பயனுள்ள வேலையாக மாற்றுகிறது என்று கொண்டாலும், ஒரு டன் சரக்கைப் பழனியிலிருந்து கொடைக்கானல் உயரத்துக்குத் தூக்க ஒன்றரை லிட்டர் டீசல் போதும். லிட்டர் 100 ரூபாய் என்றாலும் கிலோவுக்குப் பதினைந்து காசு!

எனவே குற்றவாளி ஈர்ப்பு விசையன்று.

வண்டியின் நிறையை மறந்துவிட்டீர்களே என்று மாணவர்கள் கேட்கலாம். சரியான கேள்வி. 900 கிலோ எடையுள்ள சிறு வண்டி 100 கிலோ பொட்டலங்களை ஏற்றிச் சென்றால், நூறு கிலோவுக்காக ஒரு டன்னைத் தூக்குகிறோம். அப்போதும் கிலோவுக்கு ஒன்றரை ரூபாய்தான் வருகிறது. வளைவுகளில் கியர் மாற்றி மாற்றி ஓட்டுவதால் வீணாகும் எரிபொருளையும் சேர்த்து, இதை மும்மடங்காக்கினாலும் கேட்ட கட்டணத்துக்கு அருகில் வரவில்லை. மிச்சம் என்ன? நேரம். ஓட்டுநரின் ஒரு நாள் கூலியும் வண்டியின் ஒரு நாள் வாடகையும் சேர்ந்து 3,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 200 பொட்டலம் போனால் தலைக்கு 15 ரூபாய். 20 பொட்டலம் போனால் 150 ரூபாய். இறங்கும்போது வண்டி வெறுமையாக வந்தால், அந்தப் பாதி நாளின் செலவும் ஏறிய பொட்டலங்களின் தலையில்தான் விழும்.

இங்கேதான் இன்றைய பொட்டல வணிகத்தின்மீது எனக்குள்ள குறை. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு மளிகை என்று நகரங்களில் விளம்பரம் செய்தார்களே, அந்தப் புதுமை முழுவதும் அடர்த்தியை நம்பியது. ஒரே தெருவில் நூறு வாடிக்கையாளர் இருக்கும் இடத்தில் அது அருமையாக வேலை செய்யும். மலையிலோ அடர்த்தி இல்லை; ஆனால் வேறொன்று உண்டு. இறங்குவதற்குச் சுமை உண்டு. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு பூம்பாறை முதலிய ஊர்களிலிருந்து பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டிச் சந்தைக்கு இறங்குகிறது. கேரட்டும் உருளைக்கிழங்கும் பேரிக்காயும் சமவெளிச் சந்தைகளுக்குப் போகின்றன. காய் ஏற்ற வரும் வண்டி பாதி வெறுமையாக ஏறுகிறது. பொட்டலம் இறக்கிய வண்டி முழு வெறுமையாக இறங்குகிறது. இரண்டும் ஏதோ ஒரு கொண்டை ஊசி வளைவில் ஒலிப்பான் அடித்துக்கொண்டு ஒன்றையொன்று கடக்கின்றன. எந்தக் கணினியும் இவ்விரண்டையும் ஒரே கணக்கில் பார்ப்பதாகத் தெரியவில்லை.

வெள்ளகவிக் குதிரைக்காரர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டார்கள். கொடைக்கானலுக்குக் கீழே, கும்பக்கரைக்குப் போகும் பழைய நடைவழியில் உள்ள ஊர் அது. நெடுங்காலம் சாலை காணாதிருந்த அந்த ஊரிலிருந்து காபியும் எலுமிச்சையும் சுமந்து போகும் குதிரை, திரும்புகையில் அரிசியும் பருப்பும் கொண்டுவரும். குதிரைக்கு இரு வழியும் தீனி போடவேண்டியிருப்பதால் ஒரு வழியை வீணாக்க அவர்களுக்கு மனம் வராது.

உடனே ஆளில்லா விமானம் வந்துவிட்டதே என்பார்கள். 2021-ல் தெலங்கானாவின் விகாராபாத்தில் மருந்துகளை அப்படி அனுப்பிப் பார்த்தார்கள். உயிர்காக்கும் மருந்துக்கு அது தகும், மறுக்கவில்லை. ஆனால் கொடைக்கானலில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே சுமையைத் தூக்க விசிறிகள் இன்னும் வேகமாகச் சுழல வேண்டும், மூடுபனி வேறு. பூண்டு மூட்டைக்கு அது ஆகாது. மலைச்சரக்குக்குக் கம்பிவழியே பொருத்தமாயிருந்த காலமும் உண்டு: இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அண்டை மலையான மூணாற்றின் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியே கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து போடிநாயக்கனூருக்குச் சென்றன.

இன்றைக்குக் கையில் இருப்பது பேருந்து. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் நேரத்துக்குப் புறப்படும். இறங்கும்போதும் அதே ஒழுங்கு. 2022 ஆகஸ்டில் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம் தன் பேருந்துகளின் சுமைப்பெட்டியை வாடகைக்கு விட்டு, பொட்டல சேவையை மதுரை, கோவை, நாகர்கோவில் போன்ற ஊர்களிலிருந்து தொடங்கியது. நல்ல யோசனை, மலைப்பேருந்துகளுக்குத்தான் இது முதலில் வந்திருக்க வேண்டும். சிக்கல் இல்லாமல் இல்லை. சந்தை கூடும் நேரமும் பொட்டலம் வரும் நேரமும் ஒத்துப்போகா. உடைந்தால் யார் பொறுப்பு என்பதும் எழுதித் தீர்க்கவேண்டிய கேள்வி. பூண்டு வாசம் ஏறிய சட்டையை யாரும் விரும்பமாட்டார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முப்பட்டகம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதை நானே அந்த அலுவலகத்தில் கையொப்பமிட்டு வாங்கி, எங்கள் கல்லூரியில் படிக்கும் பூம்பாறை மாணவன் ஒருவனிடம் கொடுத்தேன். சனிக்கிழமைப் பேருந்தில் அது ஊர் போய்ச் சேர்ந்தது. திங்கட்கிழமை காலை அவன் வகுப்புக்கு வந்தபோது, நண்பர் கொடுத்தனுப்பிய இரண்டு கிலோ பூண்டு அதே பையில் இருந்தது.