விழுமம்: ஒரு சொல்லின் இருமுகம்

துயரைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல. அல்லல், இடுக்கண், இடும்பை என்பன துயரப் பொருளிலேயே வழங்குவன. விழுமம் என்பதோ அவற்றினின்றும் வேறுபட்டது. தொல்காப்பிய உரியியல் இச்சொல்லுக்குச் சீர்மை, சிறப்பு, இடும்பை என மூன்று பொருள் கூறுகின்றது. மனிதன் விரும்பும் உயர்வும் அவன் அஞ்சும் துன்பமும் ஒரே சொல்லில் அடங்கியமை சிந்தித்தற்குரியது.

இதன் தோற்றத்தை ‘வீழ்தல்’ பொருள்தரும் விழு என்னும் வினையோடு இணைத்து, துன்பம் மனிதனை வீழ்த்துவது என விளக்குதல் எளிது. ஆயின், அவ்விளக்கம் சிறப்புப் பொருளுக்குப் பொருந்தாது. சொற்பொருளின் காரணம் வெளிப்படையாகப் புலப்படாது என அதே உரியியல் உணர்த்தும் எச்சரிக்கை ஈண்டு கொள்ளத்தக்கது. ஒலியொப்புமையினும் வழக்கே உறுதியான சான்று.

திருக்குறளில் இருபொருளும் காணப்படுகின்றன. தம் விழுமத்தைத் துடைத்தவரின் நட்பைச் சான்றோர் எழுபிறப்பிலும் நினைப்பர் என்னுமிடத்து (107) அது துன்பம். ஒழுக்கம் தரும் விழுப்பம் (131) சிறப்பு. படைச்செருக்கில் வரும் விழுப்புண்ணிலோ (776) இரண்டும் ஒன்றையொன்று அணுகுகின்றன. விழு என்னும் அடை சிறப்பைச் சுட்ட, புண் நோவைச் சுட்டுகின்றது. அப்புண் படாத நாள்களை வீரன் வீணே கழிந்தனவாக எண்ணுகின்றான். நோவினை நீக்கின் அங்குச் சிறப்பும் இல்லை.

விழுமிய என்னும் பழைய சொல்லின் வழியமைந்த ‘விழுமியம்’ இன்று திறனாய்விலும் கல்வித்துறையிலும் பெருவழக்குப் பெற்ற கலைச்சொல். அது சிறப்புப் பொருளை மட்டுமே ஏற்றுள்ளது. கலைச்சொல்லுக்குப் பொருள்வரையறை வேண்டுமாதலின் இதனைக் குறையெனல் ஆகாது. ஆயின், ஓர் இலக்கியத்தின் விழுமியங்கள் அன்பு, நீதி, கற்பு எனப் பட்டியலிட்டு அமையும் திறனாய்வு, அவற்றின்பொருட்டுப் பாத்திரங்கள் பட்ட துயரைக் காணாது விடுகின்றது. குறை அங்கேயே உளது.

சிலப்பதிகாரத்தில் நீதி ஒரு விழுமியம் என்பது எவ்வாறு புலனாகின்றது? அரசவையின் பெருமையாலன்று, தன் தீர்ப்புப் பிழைத்தமை உணர்ந்த பாண்டியன் அரியணையிலேயே உயிர்விடுவதாலாகும். அவ்வீழ்ச்சியைக் கணக்கில் எடாதவிடத்து நீதி என்பது வெறும் அறவுரையாகவே எஞ்சும். விழுமியத்தை ஆராய்வோர் விழுமத்தையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். பழஞ்சொல்லின் இருபொருள் இன்றைய திறனாய்வுக்குக் காட்டும் நெறி இதுவே.