மூன்று புள்ளிச் சமையல்

‘டாப் செஃப்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். முதல் சொல் தடையில்லாமல் வந்துவிடும். இரண்டாவதில் பேனா நிற்கும். அந்த ஓசைக்கு நம்மிடம் தனி எழுத்து இல்லை. ஆய்தத்தைக் கூப்பிட்டுப் பகரத்துக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும். எங்கள் ஊரில் பலர் அந்த வம்பே வேண்டாமென்று ‘செப்பு’ என்று முடித்துக்கொள்வார்கள். சிறுமிகள் சோறாக்கி விளையாடும் செப்புச் சாமான் நினைவுக்கு வருவதால் அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

அரபியில் இதே பெயர் தலைகீழாகத் தடுக்கும். ‘ஷெஃப்’ அவர்கள் வாயில் சுகமாக வரும். ‘ஃபா’ அவர்களுடைய சொந்த எழுத்து. இடறுவது ‘டாப்’. ‘பழம்’ என்னும்போது உதட்டில் வெடிக்கும் பகரம் அரபியில் கிடையாது. ‘அம்பு’ என்னும்போது வருகிற மெலிந்த பகரம் ஒன்றுதான் உண்டு; ஒரு கீற்று, அதற்குக் கீழே ஒற்றைப் புள்ளி. அதை வைத்துத்தான் ‘டாப்’பையும் எழுதிக்கொள்கிறார்கள். பாரசீகத்தார் அந்தப் புள்ளியை மூன்றாக்கி வல்லின ஓசைக்கு ஒரு புது எழுத்துச் செய்துகொண்டார்கள். எழுத்தில்லாத ஓசை வந்தால் அவர்களுக்கும் மூன்று புள்ளி, ஆய்தம் வைக்கும் நமக்கும் மூன்று புள்ளி. ஒரு அமெரிக்கச் சமையல் போட்டியின் பெயர், போகிற ஊரிலெல்லாம் உள்ளூர் நாக்கின் குறை எது என்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

அமெரிக்காவில் பிராவோ தொலைக்காட்சி 2006-இல் தொடங்கிய ‘டாப் செஃப்’, பத்து ஆண்டு கழித்து 2016-இல் எம்பிசி வழியாக அரபிக்கு வந்தது. எம்பிசி 1991-இல் லண்டனில் பிறந்து 2002-இல் துபாய் மீடியா சிட்டிக்குக் குடிவந்த சவூதி நிறுவனம். பெயருக்குப் பக்கத்தில் ‘மிஷ் அய் ஷெஃப்’ என்று ஒரு வால் சேர்த்தார்கள். ‘ஏதோ ஒரு சமையல்காரர் இல்லை’ என்று பொருள். ‘சும்மா செஃப் இல்லப்பா’ என்றால் இன்னும் பக்கத்தில் வரும். அதில் எனக்குப் பிடித்தது அந்த ‘மிஷ்’. ஏட்டு அரபியில் ‘இல்லை’க்கு அப்படி ஒரு சொல் கிடையாது. துபாய்க்காரர் வீட்டில் ‘முப்’ என்பார், குவைத்துக்காரர் ‘மூ’ என்பார். ‘மிஷ்’ கெய்ரோவிலும் பெய்ரூத்திலும் புழங்குவது. பணம் வளைகுடாவுடையது, தலைப்பில் பேசுவது எகிப்து, லெபனான் வாய். அரபுத் திரைக்குப் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் யார் என்ற பழைய கதை முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

நடுவர்களைப் பாருங்கள். சவூதியின் மோனா மோஸ்லி, லெபனானின் மாரூன் ஷதீத், பாபி சின். மூன்றாமவர் நியூசிலாந்தில் பிறந்து ஹனோயில் உணவகம் நடத்திப் பெயர் வாங்கியவர். சீன ரத்தம் பாதி, எகிப்திய ரத்தம் பாதி. வளைகுடா, லெபனான், எகிப்து என்று மூன்று வீட்டு நாக்கும் ஒரே மேசைக்கு வந்துவிட்டன. இது கணக்குப் பார்த்துச் செய்ததுதான், சந்தேகமில்லை. ஆனாலும் மூன்று வத்தலைத் தேர்ந்து பொடி இடிக்கிற கைக்கணக்குப் போல அழகாக இருக்கிறது.

இந்த மேசையில் ஒருவர் ‘ஐஷ்’ என்றால் என்ன ஆகும்? எகிப்தில் ஐஷ் என்பது ரொட்டி. வளைகுடாவில் அதே ஐஷ் சோறு. வேர்ச்சொல்லுக்கு வாழ்தல் என்று பொருள். எது இல்லாமல் உயிர் தரிக்காதோ அதற்கு அந்தப் பெயர். நைல் கரைக்கு அது கோதுமை, இந்தியக் கப்பலில் வந்த அரிசியைத் தின்று வளர்ந்த வளைகுடாக் கரைக்கு நெல். ரொட்டி என்றால் யாழ்ப்பாணத்தார் தேங்காய்ப்பூ போட்டுத் தட்டியதை நினைப்பார், சென்னைக்காரர் வேறொன்றை நினைப்பார் என்பது போலத்தான். ஆனால் சோறும் ரொட்டியும் இடம் மாறுகிற அளவுக்கு நம் குழப்பம் போகவில்லை.

அதைவிட நான் ரசிப்பது ‘இப்போது’ என்ற சொல்லை. சமையல் போட்டியின் உயிரே கடிகாரம். தட்டை இப்போதே வை, அடுப்பை இப்போதே அணை. அந்த அவசரச் சொல் வளைகுடாவில் ‘அல்ஹீன்’, எகிப்தில் ‘தில்வஅத்தி’, லெபனானில் ‘ஹல்லஅ’, மொராக்கோவில் ‘தாபா’. (நெடுஞ்சாலையோர தாபா இல்லை, அங்கே எதுவும் இப்போதே வராது.) ஒரே மொழி என்று சொல்லிக்கொள்கிற இத்தனை நாட்டுக்காரர்களை ஒரே அடுக்களையில் ஓடவிட்டால், கடைசி நிமிடத்தில் நாலு விதமான ‘இப்போது’ பறக்கும். அமெரிக்க மூலத்தில் இந்தச் சுவைக்கு வழியே இல்லை. நம்மிடம் இப்ப, இப்போ, இப்பம் என்று வாலை மட்டும் ஆட்டிக்கொள்கிறோம். அவர்களோ சொல்லையே மாற்றிவிடுகிறார்கள்.

அரபிக்கு வந்ததில் சுவை கூடியது போலவே ஒன்று குறைந்ததும் உண்டு. ஒயினை ஊற்றிக் குறுக்கிச் சாறு எடுப்பது மேலைச் சமையற்கட்டின் அன்றாட வேலை. ஹலால் சமையலில் அதற்கு இடமில்லை. ஆனால் புளிப்பின் ஆழத்துக்கு அரபு அடுக்களையில் என்ன குறை? மாதுளஞ்சாற்றைக் காய்ச்சிக் கருப்பாக்கிய பாகு இருக்கிறது, சுமாக் பொடி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே லூமி. எலுமிச்சையை உப்புநீரில் வேகவைத்து வெயிலில் போட்டு, ஓட்டுக்குள் கருத்துக் காற்றாடும்வரை காயவிடுவார்கள். வளைகுடாவின் மச்பூஸ் சோற்றில் ஒன்றைக் குத்திப் போட்டால் புளிப்பும் கசப்பும் ஒரு புகைவாடையும் சேர்ந்து வரும். நம் உப்பு நார்த்தங்காய்க்கு ஒன்றுவிட்ட தம்பி என்று தயங்காமல் சொல்வேன். நம் புளிக்கும் அங்கே பெயர் உண்டு: ‘தமர் ஹிந்தி’, இந்தியப் பேரீச்சை. பேரீச்சையை அளவுகோலாக வைத்து உலகத்தைப் பார்த்த கண் அது.

வளைகுடாவுக்கும் நமக்கும் இடையே போக்குவரத்து ஒருவழி இல்லை. பிராங்க் ரோடம் உருவாக்கி பிபிசி 1990-இல் ஒளிபரப்பிய ‘மாஸ்டர்செஃப்’, 2010-இல் இந்திக்கு வந்தது. 2015-இல் அதன் நான்காம் பருவத்தை முழுக்கச் சைவமாக்கினார்கள். இறைச்சியின் பதத்தை வைத்தே பாதி ஆட்களை வெளியேற்றுகிற போட்டியிலிருந்து இறைச்சியை எடுத்துவிட்டு நடத்திக் காட்டியதை ஒரு சாதனை என்றே சொல்ல வேண்டும். அந்தப் பருவத்தில் வென்றவர் அபுதாபியில் வளர்ந்த பதினாறு வயது நிகிதா காந்தி.

2021-இல் சன் டிவியில் அதே போட்டி தமிழ் பேசியபோது நடத்த வந்தவர் விஜய் சேதுபதி. சினிமாவுக்கு வருமுன் துபாயில் கணக்கராக இருந்துவிட்டு 2003-இல் ஊர் திரும்பியவர். தட்டுகளில் பூவும் இலையுமாக அலங்காரம் நடந்துகொண்டிருக்க, அவர் அருகில் போய்ச் சாவகாசமாகப் பேச்சுக் கொடுப்பார். அந்தத் தொனியில் வளைகுடா அறைவாசிகளின் சமையற்கட்டு வாசனை எனக்கு அடிக்கும்: ஆறு பேருக்கு ஒரு அடுப்பு, வெள்ளிக்கிழமைக் கறி, யார் முறை என்ற சண்டை. அவர் அங்கே என்ன சமைத்தார் என்று எனக்கெப்படித் தெரியும்? இது என் கற்பனைதான்.

இன்னொரு வட்டமும் மூடியது. அமெரிக்க ‘டாப் செஃப்’பை இரண்டாம் பருவத்திலிருந்து நடத்தியவர் சென்னையில் பிறந்த பத்மா லட்சுமி. 2023-இல் ஒளிபரப்பான அவருடைய கடைசிப் பருவத்துக்காக, பல நாட்டுப் பதிப்புகளின் சமையல்காரர்கள் லண்டனில் கூடினார்கள். லெபனானின் சர்பெல் ஹாயெக்கும் ஜோர்டானின் அலி கஸாவியும் அரபுப் பதிப்பிலிருந்து அங்கே போனவர்கள். தாய்வீட்டுக்குச் சீர்த்தட்டோடு வந்த பிள்ளைகள் போலத் தங்கள் சமையலை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தார்கள்.

இதெல்லாம் தோன்றியது துபாய் கராமாவில் ஒரு கஃபத்தீரியாவில். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது, கையில் கரக் டீ. ‘கடக்’ என்ற இந்திச் சொல்தான் இங்கே கரக் ஆகிவிட்டது. வளைகுடா வாயில் பரோட்டாவின் முதல் பகரம் மெலிந்து ‘அம்பு’ பகரமாகிவிடும். கல்லில் நின்ற மலையாளி அண்ணன் கந்தூரா அங்கி அணிந்த அரபுப் பெரியவரிடம் மெலிந்த பகரத்தில் “எத்தனை பராத்தா?” என்று கேட்டார். திரும்பி என்னைப் பார்த்ததும் பகரம் வல்லினமானது. “சேட்டா, பொரோட்டா ரெண்டோ மூணோ?”