துளி பிளந்தால் உயிரணு ஆகுமா?

டி.என்.ஏ. துளிகளைச் செயற்கை உயிரணுவின் முன்னோடி என்று வருணிக்கும் கட்டுரைகளை நீங்கள் படித்திருக்கலாம். டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் மாசாஹிரோ தக்கினோவே குழுவினர் 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொண்டு, அப்பெயர் பொருந்துமா என்று பார்ப்போம்.

இங்கே டி.என்.ஏ. மரபுச் செய்தியைத் தாங்கும் ஏடன்று. வெறும் கட்டுமானப் பொருள். மூன்று இழைகளைச் சேர்த்து ஆங்கில 'ஒய்' எழுத்தின் வடிவில் ஒரு மூலக்கூறு அமைக்கிறார்கள். அதன் ஒவ்வொரு கை நுனியிலும் இணை சேராத இழைத்துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். ஏ-யுடன் டி-யும், ஜி-யுடன் சி-யும் சேரும் என்பது நீங்கள் அறிந்ததே. ஜி-சி-டி-ஏ-ஜி-சி என்பதற்கு இணை வரிசையை எழுதி, அதைத் திருப்பிப் படியுங்கள். அதே வரிசை வரும்! (நம் 'விகடகவி'க்கு ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.) இத்தகைய முனையுள்ள மூலக்கூறுகள் தமக்குள் கைகோத்துக்கொள்கின்றன. சூடு மிகுந்தால் பிரிந்து உலவும். நன்கு குளிர்ந்தால் களிபோல் இறுகும். இடைப்பட்ட வெப்பநிலையில் திரவத் துளிகளாய்த் திரளும்.

முனை வரிசை வேறானால் இருவகைத் துளிகள் அருகருகே இருந்தும் கலப்பதில்லை. ஆறு கைகள் கொண்ட 'பாலம்' ஒன்றைச் சேர்த்தால் கலந்துவிடும். அப்பாலத்தை நொதியால் அறுத்தால் மீண்டும் பிரியும். எழுத்து வரிசையைக் கொண்டே துளியின் நடத்தையை ஆள்வது மெய்யாகவே பெரிய சாதனை.

ஆனால் இப்பிளவை உயிரணுப் பிரிவோடு ஒப்பிடுவதை ஏற்க முடியவில்லை. பாக்டீரியா பிரியுமுன் வளர்கிறது, தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, சேய்கள் இரண்டும் தாயைப் போலவே இருக்கும். துளியோ முன்பு கலந்ததைப் பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். சேய்த்துளி எதுவும் தாயைப் போன்றதன்று. அது மறுபடி அவ்வாறு பிளக்கவும் வழியில்லை. மேலும், நொதியை ஊற்றுவது யார்? வெப்பத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் யார்? மேசையருகே நிற்கும் ஆய்வாளர்! உயிரணு தனக்கு வேண்டிய நொதியைத் தானே ஆக்கிக்கொள்கிறது.

இத்துளிகளின் உண்மையான பயன் வேறிடத்தில் இருக்கிறது. புழுவின் இளங்கருவிலுள்ள 'பி-துகள்கள்' சவ்வு ஏதுமின்றித் திரவத் துளிகளாய் நடந்துகொள்வது 2009இல் தெரியவந்தது. அவற்றை ஆராய, எழுத்துக்கு எழுத்து நாமே வகுத்த துளியைவிடத் தெளிவான மாதிரி எளிதில் கிடைக்காது. 2022இல் தக்கினோவே குழுவினர், புற்றுநோயைச் சுட்டும் நுண் ஆர்.என்.ஏ.க்கள் குறிப்பிட்ட கூட்டாக வந்தால் மட்டும் பிரியும் துளியையும் செய்து காட்டினர். அதை 'உணரும் துளி' என்று சொன்னால் போதுமே. உயிரணு என்று ஏன் சொல்ல வேண்டும்?