கட்டில் கூப்பிடும், ஓடிவர ஆள் வேண்டும்

கொச்சியின் கலூர் என்றால் கேரளத்தில் பலருக்கு இன்னும் நினைவுக்கு வருவது ஒரு விபத்து. 2024 டிசம்பர் 29 அன்று ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியத்தில், கின்னஸ் சாதனைக்காக ஏறக்குறைய 12,000 பேர் பரதநாட்டியம் ஆட ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சியில், திருக்காக்கரை எம்.எல்.ஏ. உமா தாமஸ் தற்காலிக மேடையின் விளிம்பிலிருந்து சுமார் 15 அடி கீழே விழுந்தார். வென்டிலேட்டர், பல வார மருத்துவமனை வாசம். விளிம்பில் இருந்தது வரிசைக்குக் கட்டும் நாடா; உறுதியான கைப்பிடிக் கம்பி இல்லை. ஒரு கம்பி இருந்திருந்தால் போதுமே என்று ஊரே பேசியது. அந்த மேடைக்கு அது சரியான பேச்சு.

ஸ்டேடியத்திலிருந்து மெட்ரோவில் சில நிமிடத் தூரத்துக்குள் பெரிய மருத்துவமனைகள் பல இருக்கின்றன. வடக்கு ரயில் நிலையம் பக்கம் 1956-ல் தொடங்கிய லிசி, பாலாரிவட்டத்தில் ரெனய் மெடிசிட்டி, கொஞ்சம் தள்ளி இடப்பள்ளியில் அமிர்தா. கட்டில் வாங்கும் கமிட்டிகள் அடிக்கடி கூடும் வட்டாரம் என்றே சொல்லலாம். மருத்துவமனை எந்த ஊரில் இருந்தாலும் அங்கே நோயாளி விழுவது இரண்டடி உயரத்திலிருந்து. அந்தக் கட்டிலுக்குக் கம்பியும் உண்டு. அப்படியும் விழுகிறார்கள். சில நேரம் கம்பியாலேயே விழுகிறார்கள்: ராத்திரி புத்தி தடுமாறிய முதியவர் சைடு ரெயிலைத் தாண்டிக் காலைப் போட்டால், விழும் உயரம் இரண்டடியிலிருந்து மூன்றரை அடியாகிவிடும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் எஃப்.டி.ஏ.வுக்கு 1985 முதல் 2013 தொடக்கம் வரை வந்த புகார்களில், கம்பி வைத்த கட்டில்களில் சிக்கிக்கொண்டவர்கள் 901 பேர். அதில் இறந்தவர்கள் 531. மேடையில் உயிர் காக்கும் பொருள் கட்டிலில் எப்போதும் அதே வேலையைச் செய்வதில்லை.

இந்த இடத்தில்தான் ஸ்மார்ட் பெட் வருகிறது. நாம் பார்த்துப் பழகிய ஃபவுலர் கட்டிலில் கால்மாட்டில் இரண்டு கைப்பிடிகள் இருக்கும். ஒன்றைச் சுற்றினால் தலைப்பக்கம் எழும், மற்றதைச் சுற்றினால் முழங்கால் பக்கம் எழும். சாதாரண வகையில் கட்டிலின் உயரத்தை மாற்ற முடியாது. புதிய வகையில் மோட்டார் இருக்கிறது. கட்டிலே தரையோடு ஒட்டத் தாழும், இடுப்பளவு உயரும். அடியில் எடை உணரும் சென்சார்கள். நோயாளி புரண்டாரா, விளிம்புக்கு வந்தாரா, எழுந்தே விட்டாரா என்று எடை நகர்வதை வைத்துக் கணித்து, செவிலியர் வைத்த அளவுக்கேற்ப அலாரம் அடிக்கும். பிரேக் போடாமல் விட்டால் விளக்கு எரியும், ரெயில் இறங்கியிருந்தால் திரையில் காட்டும். ஹில்ராம், ஸ்ட்ரைக்கர், லினெட் என்று வெளிநாட்டுப் பெயர்கள் நிறைய. பழைய கட்டிலின் விலை சில பத்தாயிரங்களில் இருந்தால், இதன் விலை பல லட்சங்களில்.

விற்பவர்கள் முதலில் காட்டுவது அலாரத்தை. டெமோவில் ஒருவர் படுப்பார், எழுவார், பீப் என்று அடிக்கும், கமிட்டி தலையாட்டும். என் கணிப்பில் அந்தக் கட்டிலிலேயே மிகவும் பலவீனமான உறுப்பு அதுதான். காசுக்குப் பெறுமானம் அது சத்தமில்லாமல் செய்யும் வேலைகளில் இருக்கிறது.

பிரேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேவுக்குத் தள்ளிக்கொண்டு போன கட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து விட்டவர் ஒரு சக்கரத்தைப் பூட்ட மறந்தால், நோயாளி விளிம்பில் கை ஊன்றும் நொடியில் கட்டில் பின்னால் நழுவும். அதைச் சொல்லும் சிவப்பு விளக்கு எளிமையான, நேர்மையான கண்டுபிடிப்பு. அடுத்தது கட்டிலின் அடியில் எரியும் மங்கலான ராவிளக்கு. அதைவிடப் பெரியது உயரம். தூங்கும்போது தாழ்ந்திருக்க வேண்டும், எழும்போது முழங்கால் மட்டத்துக்கு வர வேண்டும். மிகத் தாழ்ந்த கட்டிலிலிருந்து மூட்டுவலிக்காரர் எழவே முடியாது; மோட்டார் இருந்தால் இந்த இரண்டும் ஒரே கட்டிலில் நடக்கும். ஆனால் இதையும் அளவோடுதான் பாராட்டலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 18 வார்டுகளில் தாழ்கட்டில்களைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது; விழுவது குறையவில்லை. விழும் தூரம்தான் குறைகிறது. எலும்பு தேய்ந்த இடுப்புக்கு அதுவும் சின்ன விஷயமில்லை.

அலாரத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஒரு மருத்துவமனையின் 16 பிரிவுகளில், 27,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் செய்த ஆய்வு 2012-ல் வெளியானது. அலாரப் பயன்பாட்டை நன்றாகவே கூட்டினார்கள். விழுந்தவர்கள் எண்ணிக்கையில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. 2014-ல் வெளியான இன்னொரு ஆய்வில் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், கட்டிலிலும் நாற்காலியிலும் சென்சார் வைத்துச் செவிலியரின் பேஜரோடு இணைத்தார்கள், அங்கும் பலனில்லை. 2016-ல் வெளியான ஆய்வில் ஆஸ்திரேலியாவின் ஆறு மருத்துவமனைகளின் 24 வார்டுகளில் தாழ்கட்டில், அலாரம், எச்சரிக்கைப் பலகை, கழிப்பறை நேர ஒழுங்கு எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 46,000 அட்மிஷன்கள். அதிலும் எண்ணிக்கை இறங்கவில்லை. மூன்று ஆய்வுகளும் கவனமாகச் செய்தவை. விற்பனைத் துண்டறிக்கையில் இவை இருக்காது.

காரணம் தேட ஆராய்ச்சி வேண்டாம், ராத்திரி வார்டில் ஒரு மணி நேரம் நின்றால் போதும். விளிம்பில் உட்கார்ந்தவர் எழுந்து நிற்கச் சில நொடிகள். செவிலியரோ எதிர்க்கோடியில் இன்னொருவருக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார். ஊசியைப் பத்திரமாகப் போட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, இத்தனை கட்டில்களைத் தாண்டி வர வேண்டும். அலாரம் உண்மையைத்தான் சொன்னது, சொன்ன நேரத்தில் காரியம் கைமீறியிருந்தது. இதில் பொய் அலாரம் வேறு. மருத்துவக் கருவிகளின் அலாரங்களில் 85 முதல் 99 சதவீதம் வரை எந்தச் சிகிச்சைத் தலையீடும் தேவைப்படாதவை என்று அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் 2013-ல் எச்சரித்தது. பத்து தடவை ஓடிப்போய்ப் பார்த்து, பத்திலும் நோயாளி புரண்டுதான் படுத்தார் என்றால், பதினோராவதுக்குக் கால் தானாக மெதுவாகிவிடும். அது சோம்பலில்லை.

ஆளெண்ணிக்கைப் பேச்சைத் தவிர்க்க முடியாது. போதனா மருத்துவமனையின் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்துக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. ராத்திரி ஷிஃப்டில் இந்தக் கணக்கைத் தேடிப் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். உலகத்துக்கே செவிலியர்களை அனுப்பும் கேரளத்தில், தனியார் மருத்துவமனைச் செவிலியர்கள் 20,000 ரூபாய் குறைந்தபட்சச் சம்பளத்தைப் பெறுவதற்கே தெருவுக்கு வந்து போராட வேண்டியிருந்தது. அரசாணை 2018 ஏப்ரலில்தான் வந்தது. ஒரு ஸ்மார்ட் பெட்டின் விலையை அந்தச் சம்பளத்தால் வகுத்துப் பாருங்கள்.

இனி, நம் ஊர் வார்டுக்கே உரிய சிக்கல். இந்தக் கட்டில்களை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது தனி அறையில் தனியாகப் படுத்திருக்கும் நோயாளியை. கொச்சியில் நோயாளி தனியாக இருப்பதில்லை. மகளோ தம்பியோ மருமகனோ, பைஸ்டாண்டர் ஒருவர் கூடவே இருப்பார். மட்டாஞ்சேரியிலிருந்து வரும் தமிழ்க் குடும்பமானாலும் ஆலப்புழையிலிருந்து வருபவர்களானாலும் ஏற்பாடு ஒன்றுதான். பார்க்க வரும் உறவினர் உட்காருவது கட்டிலின் ஓரத்தில். கஞ்சித் தூக்கும் மாத்திரைப் பையும் ஸ்கேன் கவரும் இருப்பது மெத்தைமேல். எடையை வைத்து ஆள் எழுவதைக் கணிக்கும் சென்சாருக்கு இது எவ்வளவு குழப்பம் என்று யோசியுங்கள். அத்தை உட்கார்ந்தால் எடை கூடும், அத்தை எழுந்தால் நோயாளி எழுந்ததாக அலாரம். இரண்டு நாளில் யாராவது அதை அணைத்துவிடுவார்கள். பிறகு போட மறந்துவிடுவார்கள்.

கட்டிலுக்கு அடியிலும் ஒரு குடித்தனம் இருக்கிறது. துணிப்பை, ஃபிளாஸ்க், பெட் பேன், செருப்பு, ராத்திரி விரிக்க ஒரு பாய். பல இடங்களில் பைஸ்டாண்டர் படுக்கும் சின்னக் கட்டிலையே பகலில் பெரிய கட்டிலின் அடியில் தள்ளி வைத்திருப்பார்கள். தரையோடு தாழ வேண்டிய கட்டில் தாழ்வது எங்கே? அடியில் ஆள் கையை நீட்டித் தூங்கும்போது மோட்டாரை அழுத்தினால் என்ன ஆகும்? தடை உணர்ந்து நிற்கும் வசதி எல்லா மாடலிலும் இல்லை. டெண்டரில் இந்தக் கேள்வி இடம்பெற வேண்டும்.

மேல்நாட்டுக் கட்டிலின் இந்தக் குறையே நம் பலத்தையும் காட்டுகிறது. அலாரம் அடித்தால் முதலில் விழித்துக்கொள்வது முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் செவிலியர் இல்லை, மூன்றடியில் படுத்திருக்கும் மகள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை. அப்பாவை எழுப்பும்போது எந்தப் பக்கம் நிற்க வேண்டும், கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது, முதலில் ஒரு நிமிடம் உட்கார வைக்க வேண்டும், டிரிப் ஸ்டாண்டைப் பிடித்து நடக்கவிடக் கூடாது. பத்து நிமிடப் பாடம். அட்மிஷன் ஃபாரத்தில் கையெழுத்து வாங்குகிற நேரத்தில் சொல்லிவிடலாம்.

ஏன் எழுகிறார்கள் என்று கட்டில் கேட்பதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் விழுந்த 183 நோயாளிகளை வைத்து 2004-ல் வந்த ஆய்வில், பாதிப் பேர் விழுந்தது சிறுநீர், மலம் கழிக்கும் தேவையோடு தொடர்புள்ளது. ஐந்தில் நான்கு பேர் துணையில்லாமல் இருந்தபோது விழுந்தார்கள். நம் வார்டில் இதய நோயாளிக்குச் சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸின் இரண்டாவது டோஸை மாலை ஏழு மணிக்குக் கொடுத்தால், ராத்திரி முழுக்க அவர் எழுந்துகொண்டுதான் இருப்பார். தூக்க மாத்திரையும் சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். அதே டோஸை மதியத்துக்கு மேல் தள்ளாமல் கொடுப்பதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. 2016-ன் ஆஸ்திரேலிய ஆய்வில் கழிப்பறை ஒழுங்கும் இருந்தும் பலன் தெரியவில்லை என்பது இந்த வாதத்துக்கு இடைஞ்சல்தான், மறைக்கவில்லை. தாளில் இருக்கும் ஒழுங்குக்கும், ஆள் இருந்து நடத்தும் ஒழுங்குக்கும் உள்ள தூரம் அதில் எவ்வளவு என்பதுதான் என் சந்தேகம்.

யார் விழக்கூடும் என்று கணிப்பதிலும் ஓட்டை. பெரும்பாலான மருத்துவமனைகள் பயன்படுத்துவது ஜானிஸ் மோர்ஸ் உருவாக்கிய மோர்ஸ் அளவுகோல். கையில் டிரிப் ஏற்றும் வென்ஃப்ளான் ஊசி இருந்தால் 20, ஒன்றுக்கு மேற்பட்ட நோய் இருந்தால் 15, நடை தளர்ந்திருந்தால் 10. கூட்டினால் 45, வழக்கமாக ‘ஹை ரிஸ்க்’ என்று கோடு போடும் இடம். சர்க்கரையும் பிரஷரும் உள்ள, டிரிப் ஏறும் அறுபது வயதுக்காரர் நம் வார்டில் யார்தான் இல்லை? எல்லார் கையிலும் ‘ஹை ரிஸ்க்’ மஞ்சள் பட்டை ஏறினால் எந்தப் பட்டையையும் யாரும் பார்ப்பதில்லை. எல்லாக் கட்டிலிலும் அலாரத்தைப் போட்டு வைப்பதும் இதே கதைதான்.

இன்னொரு விலையும் உண்டு, பில்லில் வராது. அசைந்தாலே கத்தும் கட்டிலில் படுத்தவர் அசையாமல் இருக்கப் பழகிக்கொள்வார். பக்கத்துக் கட்டில்காரர் விழித்துக்கொள்வாரே என்ற கூச்சம். பத்து நாள் அப்படிப் படுத்தால் தொடைச் சதை வற்றி, வீட்டுக்குப் போன முதல் வாரமே குளியலறையில் விழுவார். அது மருத்துவமனைக் கணக்கில் ஏறாது. 2008 அக்டோபரிலிருந்து, மருத்துவமனைக்குள் விழுந்து ஏற்படும் காயத்துக்குக் கூடுதல் பணம் தருவதை அமெரிக்க அரசின் முதியோர் காப்பீடான மெடிகேர் நிறுத்தியது. நோயாளியைக் கட்டிலிலேயே வைத்திருக்கும் ஆசை அங்கே வளர இதுவும் காரணம். முதியோர் இல்லங்களில் இத்தகைய அலாரம் ஆளைக் கட்டிப்போடுவதற்குச் சமமாகலாம் என்று 2017-ல் மெடிகேரை நடத்தும் அதே அரசு அமைப்பே எழுத வேண்டி வந்தது. 2021 மதிப்பீட்டின்படி மக்கள்தொகையில் 16.5 சதவீதம் பேர் அறுபதைக் கடந்த கேரளமும், 13.6 சதவீதத்தில் இருக்கும் தமிழ்நாடும் இந்த அனுபவத்தைத் திரும்பப் பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

ஓரளவு வேலை செய்தது எது? பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் 14 பிரிவுகளில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், கட்டிலுக்கு மேல் ஒரு தாள் ஒட்டினார்கள். இவருக்கு எதனால் ஆபத்து, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதைப் படங்களோடு, நோயாளியையும் குடும்பத்தையும் உட்கார வைத்துப் பேசியே நிரப்பினார்கள். விழுவது 15 சதவீதமும், காயத்தோடு விழுவது 34 சதவீதமும் குறைந்தன. குடும்பம் கட்டிலருகிலேயே இருக்கும் நம் வார்டுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. கொச்சியில் அந்தத் தாள் மலையாளத்தோடு தமிழிலும் இந்தியிலும் வங்காளத்திலும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஸ்மார்ட் பெட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பைஸ்டாண்டர் இல்லாத நோயாளிகள் பெருகுகிறார்கள். பிள்ளைகள் துபாயிலும் கனடாவிலும் இருக்கும் அம்மாக்கள், கட்டட வேலைக்கு வந்து அடிபட்ட வடநாட்டு இளைஞர்கள். ஐ.சி.யூ.விலிருந்து இறக்கிய, மயக்கம் முழுதாகத் தெளியாதவர்களும் உண்டு. நர்சிங் ஸ்டேஷனுக்குப் பத்தடிக்குள் இருக்கும் நாலைந்து கட்டில்களில் இவர்களைப் போட்டு, அலாரத்தை அங்கே மட்டும் இயக்கினால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கும். மற்ற வார்டுகளுக்கு உயரம் மாறும் கட்டில், பிரேக் விளக்கு, ராவிளக்கு, கழிப்பறைச் சுவரில் கைப்பிடி போதும். பெங்களூரின் டோஸி போன்ற, மெத்தைக்கு அடியில் விரித்து இதயத் துடிப்பையும் மூச்சையும் அளக்கும் விரிப்பு வேறு ஜாதி. உடல்நிலை மோசமாவதை முன்கூட்டிக் காட்டுவது அதன் வேலை. இரண்டையும் ஒரே ஸ்லைடில் போட்டு விற்பவரிடம் கொஞ்சம் உஷாராக இருக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு வார்டில் ஆறு மாதம் வைத்துப் பார்ப்பது நல்லது. அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. நோயாளி விழுந்ததும் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதும் செவிலியரிடமே மெமோ கேட்கும் வழக்கம் இருக்கும்வரை, விழுந்த கணக்கில் பாதி எழுதப்படாது. மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். ஆய்வாளர் முன் வைக்கும் எண் சின்னதாக இருக்கும், கட்டில் வந்தபின் சென்சார் பதிவால் அந்த எண் திடீரென்று பெரிதாகும், நிர்வாகம் கட்டிலைக் குறை சொல்லும். ஒப்பிட முந்தைய ஆறு மாதத்தின் உண்மையான எண் வேண்டும். மெமோவை நிறுத்திவிட்டு அந்த எண்ணை முதலில் எடுக்கச் சொல்வேன். கொட்டேஷன் அதற்குப் பிறகு வரட்டும்.