கொழுந்துக்குக் கிடைத்த காற்று

கட்டடமொன்றை மதிப்பிடுவோர் அதன் அழகையும் உறுதியையும் ஆராய்வதோடு நின்றுவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அது யாருடைய உழைப்புக்களமாக எழுந்தது, இன்று யாருக்கு உறைவிடமாகிறது என்னும் வினாக்களை எழுப்பாத விமர்சனம் குறையுடையதே. நுவரெலியாவுக்கு அண்மையில், கந்தப்பளையிலுள்ள ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை இதற்குத் தக்க சான்றாகும். இயக்கம் ஓய்ந்து நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்த அத்தொழிற்சாலை, 1996 இல் உல்லாச விடுதியாயிற்று.

உரிய பாராட்டை முதலிற் கூறிவிடுதல் வேண்டும். புனரமைத்தோர் பழையதை இடித்துத் தள்ளவில்லை. உருக்குச் சட்டகத்தையும், தகரம் போர்த்த புறச்சுவர்களையும், வரிசை வரிசையான சாளரங்களையும் பேணினர். பழைய இயந்திரங்களையும் காட்சிக்கு வைத்தனர். கோயிலும் கோட்டையுமே பேணத்தக்கவை என்று எண்ணிப் பழகிய நாட்டில், உழைப்பின் கூடமும் பேணத்தக்கதே என்று காட்டியமை சிறு செயலன்று.

அச்சாளரங்கள் அழகுக்காக அமைந்தவையல்ல. பறித்த கொழுந்தை மேல்மாடிகளிற் பரப்பி, ஈரம் குறையுமாறு வாடவைத்தல் தேயிலைத் தயாரிப்பின் முதற்படி. அதற்கு இடம் வேண்டும், காற்று வேண்டும். ஆகவே நீண்ட மாடிகளும் நெருங்கிய சாளரங்களும் தோன்றின. வாடிய கொழுந்து கீழ்த்தளத்துக்கு இறங்கி, உருட்டப்பட்டு, நொதித்து, உலர்ந்து, தரம் பிரிக்கப்பட்டது. தொழிலின் ஒழுங்கே கட்டடத்தின் வடிவமாயிற்று. கொழுந்து வாடிய மாடிகளிலேதான் இன்று விருந்தினர் துயில்கின்றனர்.

கொழுந்துக்கு இத்தனை காற்றைக் கணக்கிட்டுக் கொடுத்த தோட்ட முறைமை, அதனைப் பறித்தவளுக்கு எதனைக் கொடுத்தது? 10 அடிக்கு 12 அடி அளவான லயக் காம்பராவைக் கொடுத்தது. இரட்டை லயங்களிற் பின்சுவரும் பொதுவாதலால், அங்கே சாளரம் வைக்கவும் வழியில்லை. சமைத்ததும் உறங்கியதும் பிள்ளைகளை வளர்த்ததும் அதனுள்ளேதான். 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. எஞ்சியோருக்கு உரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே நிறைவேறியது. அண்மைக் காலத்தில் 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடுகள் எழுந்தன. ஆயினும் லயத்திலேயே வாழ்வோர் இன்றும் பல்லாயிரவர்.

விடுதி அமைத்தோர்மீது இப்பழி முழுவதையும் சுமத்துதல் நேர்மையாகாது. ஆனால், தொழிற்சாலையை மனிதர் தங்கும் இடமாக்கும் நுட்பமும் முதலும் இந்நாட்டில் உண்டென்பது கந்தப்பளையில் நிறுவப்பட்டுவிட்டது. எனவே லயம் வீடாகாமைக்கு நுட்பக்குறை காரணமன்று. யாருக்காகக் கட்டுவது என்பதை இலாபம் தீர்மானிப்பதே காரணம்.

திருகோணமலைத் துறைமுகத்தருகே வாழும் எங்களுக்கு இது மலைநாட்டுச் செய்தி மட்டுமன்று. இங்கே ஒல்லாந்தர் காலத்து ஆணையாளர் இல்லம் 2013 இல் கடல்சார் அருங்காட்சியகமாயிற்று. சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த 99 எண்ணெய்த் தாங்கிகளில் 61 ஐ, 2022 சனவரி உடன்படிக்கை இலங்கை–இந்தியக் கூட்டு நிறுவனமொன்றுக்கு ஒதுக்கியது. பழைய சுவர்களுக்கும் இரும்புக்கும் புதுவாழ்வு வருதல் நன்றே. ஆனால் அவற்றை எழுப்பியோரும் அங்கே சுமை தூக்கியோரும் அப்புதுவாழ்வில் எவ்விடம் பெறுவர்? திட்டங்கள் வரையப்படும்போதே இதனைக் கேட்டல் வேண்டும். துறைமுகத் தொழிலாளரின் நினைவுகளை, அவர்கள் இருக்கும்போதே மாணவரைக்கொண்டு எழுதிவைத்தல் ஆசிரியராகிய நாம் இன்றே தொடங்கக்கூடிய பணியாகும்.