உரிமமும் உடன்படிக்கையும்: ஒரு நோக்கு

திறந்த மூல மென்பொருள் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் உரிமத்தையே போற்றுவன. பங்களிப்பாளர் ஒப்பமிடும் உடன்படிக்கையை அவை நுணுகி நோக்குவதில்லை. உரிமம் யாவரையும் சமமாக வைக்கின்றது. உடன்படிக்கையோ ஒரு நிறுவனத்தை ஏனையோருக்கு மேல் நிறுத்துகின்றது.

கணினிச் சேவையகங்களை நிறுவ உதவும் 'டெராஃபோம்' இதற்குத் தக்க சான்றாகும். ஹாஷிகோர்ப் நிறுவனம் 2014இல் வெளியிட்ட அம்மென்பொருள் மொசில்லா பொது உரிமத்தின் கீழ் வளர்ந்தது. வெளியார் பலரும் அதற்கு நிரல் எழுதினர். பதிப்புரிமை எழுதியவரிடமே இருந்தது. ஆயின், அந்நிரலை வேறு நிபந்தனைகளின் கீழ் வழங்கும் அதிகாரத்தை உடன்படிக்கை நிறுவனத்துக்கு அளித்தது. 2023 ஆகஸ்டில், தன் விற்பனைக்குப் போட்டியான பயன்பாட்டைத் தடுக்கும் 'பிஸ்னஸ் சோர்ஸ்' உரிமத்துக்கு நிறுவனம் மாறியது.

கைம்மாறு செய்யாது பிறர் இலாபமீட்டுகின்றனர் என்ற அதன் முறைப்பாடு முற்றிலும் பொருளற்றதன்று. எனினும், வெளியார் உழைப்பை ஊதியமின்றிப் பெற்ற நிறுவனமே அதனை முன்வைத்தமை முரணாகும். முன்னைய பதிப்புகளின் உரிமத்தை மீளப்பெற முடியாமையாலேயே அவற்றிலிருந்து 'ஓப்பன்டோஃபு' கிளைத்தது; அதே ஆண்டு செப்டெம்பரில் லினக்ஸ் அறக்கட்டளை அதனை ஏற்றது. 2025இல் ஐ.பி.எம். ஹாஷிகோர்ப்பை வாங்கியபோது, பங்களிப்பாளர் ஒருவருக்கு அளித்த அதிகாரம் இன்னொருவரின் ஆளுகைக்குட்பட்டது.

லினக்ஸின் கருநிரலில் நிலைமை வேறு. அங்குப் பங்களிப்பாளர், 2004 தொடக்கம், தம் நிரலை வழங்கும் உரிமை தமக்குண்டு எனச் சான்றளிக்கின்றனரேயன்றி, உரிமத்தை மாற்றும் அதிகாரத்தை எவருக்கும் கையளிப்பதில்லை. பதிப்புரிமை பல்லாயிரவரிடம் பரந்து கிடப்பதால், எந்நிறுவனமும் தனித்து உரிமத்தை மாற்றவியலாது.

எனவே, ஒரு மென்பொருளின் பொதுமையை உரிமம் கொண்டு மட்டும் அளத்தல் குறையுடைத்து. அவ்வுரிமத்தை மாற்றும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.